ஆவுடையம்மாள் இறக்கி வைத்த உடம்பு

ஆவுடையம்மாளுக்கு உடம்பு ஒரே நாளிலா வந்தது? ஹேமா வயிற்றில் இருந்தபோது ரெண்டு உசுருக்குச் சேர்த்துத் தின்னணும் என்று மாமியார் உருட்டி உருட்டிக் கொடுத்த உளுந்தங்களியில் கொஞ்சம், பெற்றுப் பிழைத்த பிறகு பால் ஊறணும் என்று தாய் ஆக்கிப்போட்ட பூண்டுக்குழம்பில் கொஞ்சம், பிள்ளை பிசைந்து மிச்சம் வைத்த பருப்புச் சோற்றைக் கொட்ட மனசில்லாமல் வழித்து வாயில் போட்டதில் கொஞ்சம், புருஷன் திருமலையப்பன் பாத்திரக்கடையைச் சாத்திவிட்டு வரும்வரை பசியோடு உட்கார்ந்திருந்து அவனோடு சேர்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டதில் கொஞ்சம், சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் பேசுகிற பேச்சுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் முழுங்கி வைத்ததில் மிச்சம் அத்தனையும் என்று, பாளையங்கோட்டையில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவே பார்க்கப் பார்க்க ஏறிய உடம்பு அது.

பேச்சு என்றால் சாதாரணப் பேச்சா? "இவ ஏறுனா ஆட்டோவுக்கு முன்சக்கரம் தூக்கிருதுய்யா" என்பான். "கட்டிக்கிட்டு வரும்போது கொடி மாதிரி இருந்தா, இப்ப கொடிக்கம்பம் நட்ட மேடை மாதிரில்லா இருக்கா" என்பான். அதுவும் நாலு பேர் கூடின இடம் பார்த்துத்தான் சொல்வான், தங்கச்சி வீட்டு விசேஷத்தில், கோயில் வாசலில், கடையில் வியாபாரம் மந்தமான மத்தியானத்தில். நாலு பேரும் சிரிப்பார்கள். ஆவுடையும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்குகிறாள் என்று பேர் வருமே!

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஹேமாவின் நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்றைக்குத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. போட்டோ எடுத்தவன் "அம்மா கொஞ்சம் பின்னாடி, இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று சொல்லிச் சொல்லி அவளைச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தான். ஆல்பத்தில் புரட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் தாம்பூலத் தட்டைப் பிடித்த ஒரு கை, இன்னொரு பக்கத்தில் ஒரு தோள், அவ்வளவுதான் பெண்ணைப் பெற்றவள். "நான் எங்கட்டி?" என்று மகளைக் கேட்டாள். ஹேமா ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம்மா, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் குறையேம்மா. தாரை வாக்கும்போது மேடையில எல்லாருக்கும் முன்னாடி நிக்கணும்லா. அவங்க வீட்டுல எல்லாரும் ஒல்லி."

தாரை வார்ப்பதுதான் ஆவுடைக்கு எல்லாம். தகப்பன் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க, பெற்றவள் கிண்டியைச் சரித்து அந்தக் கைகளின் மேல் தண்ணீர் வார்ப்பாள். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் கல்யாணம். அந்த ஒரு நிமிஷம் மகளுக்குப் பக்கத்தில் நிற்பதற்காகத்தான் தன்னைக் கடவுள் படைத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அங்கேயும் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்வார்களோ என்று பயந்து, விளக்கேற்றி, விளக்கு முன்னால் நின்று, "கல்யாணத்துக்கு முந்தி எப்படி இருந்தேனோ அப்படியே ஆகணும், அப்படியே ஆக்கிரு தாயே" என்று கேட்டுவிட்டாள்.

பார்த்துக் கேட்டிருக்க வேண்டாமா? தெய்வத்துக்கு இப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கொள்ளணும் என்று யார் போய்ச் சொல்லிக் கொடுக்கிறது?

எதிர்வீட்டு மும்தாஜ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். அவளோடு சேர்ந்து விடியக்காலம் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள் ஆவுடை. முதல் வாரம் மூச்சு இரைத்தது, இரண்டாம் வாரம் தொடை உரசிப் புண்ணானது, மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடும் நடந்தாள். சோற்றை விட்டாள், சொதியை விட்டாள், தேங்காயை விட்டாள், வீட்டில் மற்றவர்களுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடி கொள்ளு ரசத்தை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். "இது என்ன, மாடு குதிரைக்கு வைக்கதுலா" என்றான் திருமலையப்பன். அதையும் முழுங்கினாள்.

உடம்பு இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? மருந்துக்கடை வாசலில் நிறுத்தியிருக்கும் எடை மிஷினில் முள் முதன்முதலாகப் பின்னுக்கு வந்த அன்றைக்கு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் பிறந்த வீட்டில் எதையும் 'போ' என்று சொல்ல மாட்டார்கள். விருந்தாளியானாலும் வெளியூர் போகிற பிள்ளையானாலும் 'போயிட்டு வா' தான். போகிறவர்களும் 'போறேன்' என்றால் வாயிலேயே அடி விழும். விட்டுப் போகிற காய்ச்சலைக்கூட அவள் அம்மை 'சரி, போயிட்டு வா' என்றுதான் அனுப்புவாள். அந்தப் பழக்கத்தில் ஆவுடை, மிஷினை விட்டு இறங்கித் தன் இடுப்பைத் தட்டிக்கொடுத்து, போன சதையைப் பார்த்து, "சந்தோஷம், நல்லபடியா போயிட்டு வா" என்றாள். அன்றைக்கு மட்டுமா? முள் பின்னுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

புரட்டாசி பிறந்து நாலைந்து நாளில் அது வந்தது.

நடந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள், வாசற்படியில் மூன்று வயசுப் பிள்ளை உயரத்துக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பொதுபொதுவென்று, வெதுவெதுப்பாக, மாவு பிசைந்து மூடி வைத்தாற்போல. முகம் மட்டும் ஆவுடையின் முகம். ஆவுடை அதைப் பார்த்தாள், அது ஆவுடையைப் பார்த்தது. "வந்துட்டேன்" என்றது. "பசிக்குது."

பசிக்கிறது என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரையும் வாசலில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய நைட்டி ஒன்றை வெட்டித் தைத்து மாட்டி, நாலு இட்லி வைத்தாள். நாலும் போய், சட்டியில் இருந்ததும் போய், சாம்பாரையும் தூக்கிக் குடித்துவிட்டு, "தேங்காச் சட்னி அரைக்கலையா?" என்று கேட்டது. திருமலையப்பன் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். "இது யாரு, உன்னய மாதிரியே இருக்கு?" என்றான். "நாந்தான் அத்தான். குறைஞ்சது." "சரி, ஒரு ஓரமா இருக்கட்டும். கடை சாவி எங்க?"

டீச்சர் வந்து பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். "அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புன?" என்று கேட்டாள். ஆவுடை சொன்னாள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். "போயிட்டு வான்னா வரத்தான செய்யும்? வேலியில போற ஓணானைக் கூப்பிட்டு மடியில கட்டிக்கிட்டியே!"

தெரு அதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்லணும். முதல் ரெண்டு நாள் டம்ளரில் காப்பித்தூள் கடன் கேட்கிற சாக்கில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அதற்கு 'சின்னவ' என்று பேர் வைத்தார்கள். ரேஷன் கடையில் பேரைச் சேர்க்கக் கேட்டபோது, "ஏற்கெனவே இருக்கிற ஆளுதான, ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை அரிசி எப்படிம்மா தர முடியும்?" என்றார்கள், அது நியாயம் என்று தெருவும் ஒத்துக்கொண்டது. டாக்டர் ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு ரெண்டு பேருக்கும் சத்து மாத்திரை எழுதினார். கோயில் ஐயர் ஒரே நட்சத்திரம் என்பதால் ஒரு அர்ச்சனை போதும் என்றார். மைதானத்தில் நடக்கிற பெண்கள் மட்டும் உஷாராகிவிட்டார்கள்; எடை மிஷினை விட்டு இறங்கியதும் மூன்று தரம் துப்பி, "தொலைஞ்சு போ, இந்தப் பக்கமே திரும்பிப் பாக்காத" என்று தங்கள் தொப்பையைத் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் வீட்டு வேலைக்குத் துணையாச்சே என்று 'போயிட்டு வா' சொல்லிப் பார்த்தாளாம், வரவில்லையாம். வாய்க்கு வந்ததைச் சொன்னால் வருமா? மனசிலிருந்து சொல்லணும்.

ஆவுடைக்கும் ஆரம்பத்தில் வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சின்னவ வளர வளர, மாவாட்டினாள், துணி மடித்தாள், வாசல் தெளித்தாள். ஒரு மாசத்தில் ஆவுடையின் நெஞ்சு உயரம், கார்த்திகைக்குள் தோள் உயரம். சதைக்குக் கனம் கம்மி, அகலம் அதிகம். அடுப்படியை அவளிடம் விட்டுவிட்டு ஆவுடை சாயங்காலமும் மைதானத்துக்குப் போனாள். வாசனை பிடித்தால் வாய் ஊறும், வாய் ஊறினால் மனசு கெடும் என்று சமையல் நேரத்தில் வீட்டிலேயே இருக்க மாட்டாள். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். இவள் அடுப்பையே தானம் கொடுத்துவிட்டு மைதானத்தைச் சுற்றினாள்.

அந்தக் கை சமைத்த ருசியை என்னவென்று சொல்ல! இவள் எதையெல்லாம் விட்டாளோ அதெல்லாம் அவள் கைக்குள் இருந்தது. முதல் தேங்காய்ப்பால் பிழிந்து இறக்கிய சொதி, இஞ்சிப் பச்சடி, எண்ணெய் பிரிகிற கத்தரிக்காய்க் கொத்சு. திருமலையப்பன் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட ஆரம்பித்தான். கிண்டல் பேசினால் சின்னவ இடுப்பு குலுங்கச் சிரிப்பாள், வலிக்காமல் சிரிப்பாள், அவன் பேசியதெல்லாம் ஏற்கெனவே அவளுக்குள் கிடக்கிறதே, புதிதாக எங்கே போய்க் குத்தும்? குத்தாத இடத்தில் எத்தனை நாள் குத்துவது என்று அவனுக்கும் பேச்சு அலுத்து, சாப்பிட்டதும் அவள் பக்கத்தில் சாய்ந்து உறங்கிப்போனான். ஹேமா கல்யாணத்தை நினைத்து அழுகை வரும்போதெல்லாம் ஓடிவந்து அந்த மடியில்தான் தலையை வைத்தாள். ஒருநாள் ஆவுடை தன் மடியைத் தட்டி "வாட்டி" என்று கூப்பிட்டாள். ஹேமா வந்து படுத்துவிட்டு, ஒரு நிமிஷத்தில் எழுந்து கழுத்தைத் தேய்த்தாள். "எலும்பு குத்துதும்மா."

அன்றைக்குத்தான் ஆவுடைக்குச் சுருக்கென்றது.

மார்கழிக்குள் பேர் மாறியது. யாரும் கூடிப் பேசி மாற்றவில்லை, தன்னால் மாறியது. அகலமாக நின்று, அதட்டிப் பேசி, காய்காரனிடம் கொசுறு வாங்குகிறவளைச் 'சின்னவ' என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? அவள் பெரியவள் ஆனாள். வேர்த்து ஒழுகிக்கொண்டு, குச்சிக் கையை வீசி, மைதானத்திலிருந்து வருகிற ஆவுடையைப் பார்த்து, "என்ன சின்னவளே, இன்னும் எவ்வளவு குறையணும்?" என்று தெரு கேட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, பிடாரி நல்ல சொதி வைக்கிறாளே!

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கால் மெட்டி. மைதானத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று டீச்சரும் இவளும் மண்ணைக் கிளறித் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், பெரியவளின் கொழுத்த விரலில் இறுகிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுக் கண்ணாடி பார்த்தால் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பெரியவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், கொடி அவள் கழுத்து மடிப்புக்குள் பாதி முங்கிக் கிடந்தது.

"கழட்டுட்டி! கழட்டிக் குடுத்துட்டு வெளியே போ. போயிரு! இனிமே இந்த வீட்டுக்கு வராத!" என்று கத்தினாள் ஆவுடை.

"எங்க போக? நான் என்ன பஸ் ஏறியா வந்தேன்?" என்றாள் பெரியவள், துருவுவதை நிறுத்தாமல்.

"அவரு எம் புருஷன். அது எம் பிள்ள."

பெரியவள் துருவலை ஒதுக்கிவிட்டுக் கையை உதறினாள். "ஹேமாவைச் சுமந்தப்ப வந்த சதை யாரு? நானு. அவளுக்கு ஊறுன பாலு எங்க இருந்து? என் கிட்ட இருந்து. அத்தான் பேசுன பேச்செல்லாம் எங்க கெடக்கு தெரியுமா? இன்னா, இங்கதான் கெடக்கு" என்று இடுப்பு மடிப்பைப் பிடித்துக் காட்டினாள். "கல்யாணத்துக்கு முந்தி இருந்த மாதிரி ஆகணும்னு நீதான கேட்ட? கெடச்சிட்டு. அதுக்கு முந்தி உனக்கு ஏதுளா புருஷன், ஏது பிள்ள?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள். ஆவுடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சேலையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள். ஹேமா கிழித்துப்போட்ட வெள்ளை வெள்ளைக் கோடுகள் ஒன்றும் இல்லை. வழுவழுவென்று, பிள்ளை என்ற ஒன்று தங்கியே இராத வயிறு. தலையில் நரை இல்லை. கன்னத்தில் மங்கு இல்லை. எத்தனையோ வருஷமாக ஏங்கிய உடம்பு கண்ணாடியில் நின்றது, அதைப் பார்த்து அவள் ஐயோ ஐயோ என்று அழுதாள்.

அழுது முடித்ததும் தின்ன ஆரம்பித்தாள். போனதைத் தின்று திரும்பப் பிடிக்கலாம் என்று ஒரு நப்பாசை. ஒரு தூக்குவாளிச் சோறு, கடையில் வாங்கிய அல்வா ஒரு பொட்டலம், முறுக்கு, அதிரசம் என்று கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தின்றது இவள், முற்றத்தில் ஏப்பம் விட்டது அவள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இங்கே வாய் இவளிடமும் வயிறு அவளிடமும் இருந்தது. ஒரு வாரம் தின்றதில் பெரியவளுக்கு ரவிக்கை பத்தாமல் போனதுதான் மிச்சம்.

கடைசியாகப் புருஷனிடமே போய் நின்றாள். கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். "அத்தான், நாந்தான் ஆவுட. உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

திருமலையப்பன் சுற்றும்முற்றும் பார்த்தான். "தெரியாம என்ன? தெரியுது."

"தாரை வாக்க நாந்தான் நிப்பேன். எம் பிள்ளைக்கு நாந்தான் வாப்பேன். அதுக்குத்தான் இவ்வளவு பாடும் பட்டேன்."

"பட்ட, யாரு இல்லேன்னா? ஆனா நீயே யோசி. என் பக்கத்துல நீ நின்னா பாக்கதுக்கு எப்படி இருக்கும்? எனக்கு மூத்த மக மாதிரி கூட இல்ல, இளைய மக மாதிரி இருக்க. எனக்கே கூசுது." குரலை இறக்கினான். "அவ இருக்கா, வீடு ஓடுது. வீணா எதையும் கெளப்பாத பிள்ள."

இருபத்தி மூணு வருஷத்தில் 'ஏட்டி' என்பான், 'மூதி' என்பான், 'குண்டு' என்பான். 'பிள்ள' என்று ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஊரார் வீட்டுப் பெண்களைத்தான் அப்படிக் கூப்பிடுவான்.

டீச்சரிடம் சொல்லி அழலாம் என்று மறுநாள் மைதானத்துக்குப் போனாள். டீச்சர் முழங்கால் வலியோடு ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், மனசு பொறுக்காமல் கண்ணைத் துடைத்தாள், "வீட்டுல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா பாப்பா, பேசிப் பாப்போம்" என்றாள். ஆவுடை அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

தை மாசத்தில் கல்யாணம். அரக்குப் பட்டுக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை அவள் உடம்பில் அச்சடித்தாற்போல உட்கார்ந்தது. இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது அவளுக்கு. யார் மறந்தாலும் ஹேமா மறக்க மாட்டாள், மேடையில் எல்லாருக்கும் முன்னால் பெற்ற பிள்ளை கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் எந்தப் பெரியவள் என்ன பேச முடியும் என்று நினைத்தாள். மண்டபத்தில் கால் வைத்ததும் யாரோ ஒரு அத்தை அவள் கையில் பன்னீர்ச் செம்பைத் திணித்து, "வயசுப் பிள்ளைங்க எல்லாம் வாசல்ல நில்லுங்க" என்று தள்ளிவிட்டாள். நின்றாள். மாப்பிள்ளை வீட்டார்மேல் பன்னீர் தெளித்தாள், சந்தனம் நீட்டினாள், கல்கண்டு கொடுத்தாள். தன் நாத்தனாருக்கும் கொடுத்தாள். நாத்தனார் கல்கண்டை எடுத்துக்கொண்டு, "யாரு வீட்டுப் பிள்ள, லெட்சணமா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டே போனாள்.

நாதஸ்வரத்தில் ராகம் மாறியது. மேடையில் ஐயர், "பொண்ணோட தாயார் தகப்பனார் வாங்கோ, தாரை வாக்கணும்" என்று கூப்பிட்டார். ஆவுடை செம்பை வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, படியேறினாள். அந்தப் பக்கப் படியில் பெரியவள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். பச்சைப் பட்டு, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் கொடி. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கிண்டிக்குக் கை நீட்டினார்கள்.

மண்டபத்தில் யாரும் திகைக்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து வாத்தா என்ன?" என்றது ஒரு குரல். "தண்ணி ரெண்டாப் போனா குடும்பம் ரெண்டாப் போகும்" என்றது இன்னொரு குரல். "மூத்தவதான் வாக்கணும்." "யாரு மூத்தவ?" ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் வாங்கோ. முகூர்த்தம் போறது. பொண்ணே சொல்லட்டும்."

ஹேமா தலையை நிமிர்த்தினாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, பயந்துபோயிருந்தாள். ஆவுடையைப் பார்த்தாள். தன்னைவிட ஒரு வயசு இளையவள்போல, பளபளவென்று, கண்ணில் நீர் முட்ட நிற்கிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வீடியோ விளக்கு ரெண்டு பேர்மேலும் மாறி மாறி விழுந்தது. "ஹேமா" என்றாள் ஆவுடை. "நான்டி."

ஹேமாவின் கை தானாக நீண்டு பச்சைப் பட்டின் முந்தானையைப் பிடித்தது, சின்னப் பிள்ளையில் கூட்டத்தில் பிடித்துக்கொள்வாளே அதே பிடி. "எம்மா, நீ வா" என்றாள் பெரியவளைப் பார்த்து. பிறகு ஆவுடையிடம், கெஞ்சுகிற குரலில், "நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்களேன், ப்ளீஸ்."

தண்ணீர் விழுந்தது. கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் எறிந்த அட்சதையில் கொஞ்சம் ஆவுடையின் தலையிலும் விழுந்தது.

அழக்கூட இடமில்லாமல் பந்தி நடக்கிற இடத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியத்தை, காதில் கல் கம்மல் ஜொலிக்க, எதிர் வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியை விசாரித்துக்கொண்டு திருமலையப்பன் வந்ததும் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"சம்பந்தி, அன்னா அந்த அரக்குப் பட்டு, அது யாரு? உங்க சைடுதான?"

திருமலையப்பன் திரும்பிப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா, நம்ம பிள்ளதான். வீட்டோட இருக்கு" என்றான்.

"கட்டிக் குடுத்தாச்சா?"

"இல்ல, இனிமேதான் பாக்கணும்."

"எங்க கொழுந்தன் மகன் ஒருத்தன் இருக்கான், தூத்துக்குடியில. மூத்த தாரம் தவறிட்டா, ஒரு வருஷம் ஆகுது. நல்ல சம்பாத்தியம்." பெரியத்தை கண்ணைச் சுருக்கி ஆவுடையை இலையிலிருந்து தலைவரை ஒரு தடவை அளந்தாள். "முகம் நல்லா இருக்கு. ஆனா ரொம்பக் குச்சியால்லா இருக்கு? எங்க பக்கம் எல்லாரும் ஒல்லிதான், அவன் ஒருத்தனுக்குத்தான் கொஞ்சம் சதைப்பிடிப்பா இருந்தாப் பிடிக்கும்."

"அதுக்கென்ன, ஏத்திரலாம்" என்றான் திருமலையப்பன். "சித்திரைக்குள்ள ஏத்திரலாம்."

பரிமாறுகிறவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, இடுப்பு அசைய, பெரியவளே வந்தாள். ஆவுடையின் இலைக்கு முன்னால் குனிந்து ஒரு ஜாங்கிரி வைத்தாள், அதன்மேல் இன்னொன்று வைத்தாள்.

"சாப்பிடு பிள்ள" என்றாள். "அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."